அடிக்கோட்டை அழித்த கதை

நம் சங்கத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து வெகுகாலம் ஆகிறது. கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. 1998-ல் என் மகன் பள்ளிக்கூடப் பாடத்துக்காக வாங்கி வந்த எச்.டி.எம்.எல். புத்தகம் ஒன்றைப் புரட்டிக் கற்றுக்கொண்ட கைவித்தைதான். சம்பளம் கேட்க மாட்டான் என்ற ஒரே தகுதியின் பேரில் செயற்குழு அந்த வேலையை என் தலையில் கட்டியது. நானும் சந்தோஷமாகவே சுமந்தேன். அந்தச் சந்தோஷத்தில் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தவறு என்னவோ மிகச் சிறியது. ஒரு கோட்டை அழித்தேன். ஒரு நிறத்தை மாற்றினேன். அவ்வளவுதான்.

இணையத்தில் படிக்கும்போது சில வார்த்தைகள் மட்டும் நீல நிறத்தில், அடிக்கோடிட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். இதற்கு லிங்க் என்று பெயர். தமிழில் இணைப்பு என்கிறோம். 2019 சித்திரைப் புத்தாண்டுக்கு நம் தளத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது, அந்த நீலமும் கோடும் என் கண்ணை உறுத்தின. நம் பக்கத்துக்கு மங்களகரமாக ஏதாவது இருக்க வேண்டாமா? அடிக்கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, இணைப்புகளை அடர்ந்த குங்குமச் சிவப்புக்கு மாற்றினேன். மற்ற எழுத்துகள் கறுப்பு. பார்த்தவர்கள் எல்லாம் "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது" என்று பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எது சிவப்பு?

அந்த வருடம் ஆகஸ்ட் முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். காப்பியைக் குடித்து முடிக்கிற வரை ஊர்க்கதை பேசினார். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"தம்பி, இந்த வருஷம் படிப்பு உதவித்தொகை கிடையாதோ?"

"ஏன் அண்ணாச்சி, உண்டே! ஜூலை 31 கடைசித் தேதி. பக்கத்திலேயே விண்ணப்பம் போட்டிருந்தேனே."

"நானும் மூணு தடவை பார்த்துட்டேன். விண்ணப்பத்தைப் பூர்த்தி செஞ்சு அனுப்பணும்னு போட்டிருக்கு. விண்ணப்பத்தைத்தான் காணோம். பேத்தி இந்த வருஷம் காலேஜ்ல சேர்ந்திருக்கா. மகனுக்கு வேலை போயி ஆறு மாசம் ஆச்சு, உங்களுக்குத் தெரியும்."

அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். 'விண்ணப்பம்' என்ற வார்த்தை அழகாகச் சிவந்து நின்றது.

"இதோ, சிவப்பா இருக்கு பாருங்க. இதைத் தொட்டா வந்துடும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எது சிவப்பு?" என்றார்.

அப்புறம்தான் அந்தப் பழைய கதையைச் சொன்னார். இளவயதில் ரயில்வேயில் ஃபயர்மேன் வேலைக்குப் போயிருக்கிறார். எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் ஆயிற்று. மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக அச்சிட்ட ஒரு புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்களாம். அண்ணாச்சிக்கு எண்ணே தெரியவில்லை. வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பு சிக்னலைப் பிரித்தறிய முடியாதவரை இன்ஜினில் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றார். "அம்பது வருஷத்துக்கு முன்னால சிவப்பு தெரியலைன்னு வேலை போச்சு. இப்ப பேத்தி பணமும் அதே சிவப்பால போச்சா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புள்ளிப் புத்தகம் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டது. இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நம் கண்ணின் விழித்திரையில் நிறங்களை உணர மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் நீண்ட அலைகளை, அதாவது சிவப்பை, உணரும் வகை இல்லாவிட்டால் சிவப்பு மங்கி இருண்டு தெரியும். அடர்ந்த சிவப்பு கறுப்பாகவே தெரியும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு ஏதோ ஒரு வகை சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. நம் நாட்டிலும் இது அபூர்வமல்ல. ஆனால் பலர் வெளியே சொல்வதில்லை. சிலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ஆக, நான் பூசிய குங்குமம் அண்ணாச்சிக்குக் கறுப்பு மை. அடிக்கோடு இருந்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். அதையும் நான்தான் அழித்துவிட்டேனே!

நீலம் எப்படி வந்தது?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த நீலத்தையும் கோட்டையும் முதலில் வைத்தவர்கள் எதற்காக வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுவாரசியமான சங்கதிகள் கிடைத்தன.

வேர்ல்ட் வைட் வெப் என்பதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-ல் நெக்ஸ்ட் என்ற கம்ப்யூட்டரில் முதல் பிரவுசரை எழுதினார். அந்தத் திரையில் கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல். வேறு நிறம் கிடையாது. எனவே இணைப்பைக் காட்ட அடிக்கோட்டையே பயன்படுத்தினார். அச்சிட்ட நூல்களில் அடிக்கோடு அதிகம் வருவதில்லை, அதனால் அது சும்மா கிடந்த ஒரு அடையாளம் என்று பிற்பாடு காரணம் சொல்லியிருக்கிறார். நீலத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் விரும்பிப் பயன்படுத்திய நிறம் பச்சையாம்!

நீல இணைப்புக்கு அதற்கும் முந்தைய ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்பவரும் அவருடைய மாணவர்களும் 1980-களில் ஹைப்பர்டைஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். எந்த நிறத்தில் இணைப்பைக் காட்டலாம் என்று ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். சிவப்பு பளிச்சென்று கண்ணில் பட்டது. ஆனால் படித்தது மனதில் நிற்பது குறைந்தது. நீலம் கண்ணிலும் பட்டது, வாசிப்பையும் கெடுக்கவில்லை.

பிறகு வந்தது மொசைக் என்ற பிரவுசர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதியது. 1993 ஏப்ரலில் வந்த 0.13 பதிப்பில், பார்க்காத இணைப்புக்கு நீல நிறமும் முழு அடிக்கோடும், பார்த்த இணைப்புக்கு அடர் ஊதாவும் விட்டு விட்டுப் போட்ட கோடும் என்று மாற்றினார்கள். மொசைக்கின் வழியில் 1994-ல் நெட்ஸ்கேப் வந்தது. பின்னால் வந்தவர்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு எச்.டி.எம்.எல். தரநிர்ணயத்தில் எழுதியிருக்கும் இயல்பான நீலம், சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238 என்ற கலவை. பார்த்துவிட்ட இணைப்பின் ஊதா 85, 26, 139.

நீலத்தைப் பற்றிப் பெரிய கம்பெனிகள் பட்ட பாட்டையும் கேளுங்கள். கூகுளில் வடிவமைப்பாளராக இருந்த டக்ளஸ் போமன் 2009-ல் வேலையை விட்டபோது ஒன்றை எழுதினார். இரண்டு நீலங்களில் எது நல்லது என்று முடிவெடுக்க முடியாமல், இடைப்பட்ட 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்தார்களாம். அவருக்கு அது வெறுத்துப் போயிற்று. 41 நீலத்தைச் சோதிக்கிற ஊரில், நான் ஒரே ஒரு ஆளிடம்கூடக் கேட்காமல் சிவப்பைப் பூசியிருக்கிறேன்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

கணக்குத் துறைக்காரனுக்குக் கணக்குப் போடாமல் நம்பிக்கை வராது. நல்லவேளையாக இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம் 2008-ல் வெளியிட்ட விதிகளின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1, அதுதான் உச்சம். அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் சொல்லாதே. அடிக்கோடு இல்லாத இணைப்பு என்றால், அதற்கும் பக்கத்து எழுத்துக்கும் இடையே குறைந்தது 3-க்கு 1 வேறுபாடாவது வேண்டும் என்பது இதற்கான வழிகாட்டல்.

என் குங்குமச் சிவப்பு வெள்ளைப் பின்னணியில் 10-க்கு 1. அருமை! ஆனால் பக்கத்தில் நிற்கும் கறுப்பு எழுத்தோடு ஒப்பிட்டால் 2.1-க்கு 1-தான். அதுவும் எல்லா நிறமும் தெரிகிற கண்ணுக்கு. அண்ணாச்சியின் கண்ணுக்கு அதைவிடக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பழைய நீலத்துக்கும் கணக்குப் போட்டேன். கறுப்போடு ஒப்பிட்டால் அதுவும் 2.2-க்கு 1-தான்! அதாவது நீலம் தனியாக நின்றால் அதுவும் தோற்றுப் போகும். கோட்டோடு சேர்ந்து நின்றதால்தான் அது இத்தனை வருடம் நிலைத்தது. நிறம் தெரியாதவருக்குக் கோடு. கோட்டைக் கவனிக்காதவருக்கு நிறம். வீட்டு வாசலில் பெயர்ப்பலகையும் அழைப்பு மணியும் போல இரண்டும் வேண்டும்.

இணைப்புக்கு நான்கு கோலம்

சரி, அப்படியானால் எல்லோரும் எப்போதும் நீலத்தோடே குடித்தனம் நடத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. மாற்றலாம், அதற்கு முறையான வழி இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் பக்கத்தின் பாடி என்ற குறிச்சொல்லிலேயே பார்க்காத இணைப்பு, பார்த்த இணைப்பு, அழுத்தும் இணைப்பு ஆகிய மூன்றுக்கும் நிறம் எழுதிவிடுவார்கள். 1997-ல் வந்த எச்.டி.எம்.எல். 3.2 தரநிர்ணயத்தில் இது இடம்பெற்றது. நான் முதலில் கற்றதும் இதைத்தான். ஆனால் இதைவிட நல்ல ஏற்பாட்டை நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ 1994-லேயே செர்னில் இருந்தபோது முன்மொழிந்துவிட்டார். அதுதான் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள். 1996 டிசம்பரில் அதன் முதல் தரநிர்ணயம் வந்தது. எழுத்து வேறு, அலங்காரம் வேறு என்று பிரித்துவிட்டதால், ஒரே தாளை மாற்றினால் தளம் முழுவதும் மாறும். நான் செய்த தவறு ஒரே நொடியில் தளமெங்கும் பரவியதற்கும் இந்த வசதியே காரணம்!

சி.எஸ்.எஸ். கணக்கில் இணைப்புக்கு நான்கு கோலம். இன்னும் போகாத வீடு, போய்வந்த வீடு, வாசலில் நிற்கும் வீடு, மணியை அழுத்தும் வீடு. கம்ப்யூட்டர் மொழியில் லிங்க், விசிட்டட், ஹோவர், ஆக்டிவ். விதிகளை இதே வரிசையில் எழுத வேண்டும். ஏனென்றால் சம பலமுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் எழுதியது ஜெயிக்கும். விசிட்டட் விதியைக் கடைசியில் எழுதினால், போய்வந்த வீட்டு வாசலில் எத்தனை முறை நின்றாலும் அது உங்களைக் கண்டுகொள்ளாது.

ஹோவர் பற்றி ஒரு எச்சரிக்கை. மவுஸ் அம்பு மேலே வரும்போது மட்டும் அடிக்கோடு தோன்றும்படி வைப்பது இப்போது பெரிய நாகரிகம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் போனில் மவுஸ் ஏது? விரல் மேலே வந்து நிற்பதைச் சாதாரண போன் அறியாது, தொட்டால்தான் தெரியும். எங்கே தொட வேண்டும் என்று தெரியாதவரிடம் 'தொட்டால் சொல்கிறேன்' என்றால் என்ன நியாயம்? அண்ணாச்சி மூன்று தடவையும் பார்த்தது போனில்தான்.

மவுஸைப் பிடிக்கக் கை நடுங்குகிறவர்கள் விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இணைப்பாகப் போவார்கள். அப்போது தாங்கள் எந்த இணைப்பில் நிற்கிறார்கள் என்று காட்ட ஒரு கட்டம் தோன்றும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று அந்தக் கட்டத்தை அழித்துவிடும் வடிவமைப்பாளர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

போய்வந்த தடம்

போய்வந்த இணைப்பு ஊதாவாக மாறுவது வெறும் அழகுக்காக அல்ல. முப்பது இணைப்புள்ள பட்டியலில் எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ள நம் வயதில் முடியுமா? அந்த வேலையைப் பிரவுசர் செய்கிறது. பார்த்த இணைப்பின் நிறத்தை மாற்றாத தளங்களில் மக்கள் ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அலைகிறார்கள் என்று ஜேகப் நீல்சன் என்ற நிபுணர் 2004-லேயே எழுதினார்.

ஆனால் இந்தத் தடத்தில் ஒரு திருட்டும் நடந்தது. ஒரு தளம் தன் பக்கத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளை மறைத்து வைக்கும். அவற்றில் எது ஊதாவாக மாறியிருக்கிறது என்று சின்ன நிரல் ஒன்றை ஓட்டிப் பார்க்கும். நீங்கள் எந்த வங்கி, எந்த வியாதி, எந்தக் கட்சி பற்றிய பக்கங்களைப் பார்த்தீர்கள் என்பது அதற்குத் தெரிந்துவிடும்! இதைத் தடுக்க 2010-ல் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு வழி கண்டார். பார்த்த இணைப்புக்கு நிறத்தை மட்டுமே மாற்ற முடியும். நிரல் வந்து கேட்டால் 'பார்க்கவில்லை' என்றே பிரவுசர் பொய் சொல்லும். மற்ற பிரவுசர்களும் இதைப் பின்பற்றின. 2025-ல் வந்த குரோம் 136-ல் இன்னும் ஒரு பூட்டு: ஒரு தளத்திலிருந்து நீங்கள் தொட்டுப் போன இணைப்பு, அந்தத் தளத்தில் மட்டுமே பார்த்ததாகத் தெரியும், அடுத்த தளத்துக்கு அந்தச் சேதி போகாது.

இதனால்தான் பார்த்த இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி வரவழைக்கலாம், எழுத்தைத் தடிமனாக்கலாம் என்று நான் எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. முதலில் என் நிரலில்தான் தப்பு என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அது நம் நன்மைக்காகப் போட்ட பூட்டு என்று பிறகு புரிந்தது.

'மரம்' 'மாம்' ஆகலாமா?

அடிக்கோட்டைத் திருப்பிப் போடுவது என்று முடிவு செய்து உட்கார்ந்தபோதுதான், அதை முதலில் ஏன் வெறுத்தேன் என்பது நினைவுக்கு வந்தது. தமிழுக்கு அது சரியாகப் பொருந்தவில்லை!

ஆங்கில எழுத்துகளில் சிலவற்றுக்குத்தான் வால் கீழே இறங்கும். நம் எழுத்துகளைப் பாருங்கள். ர, ற, பு, சு, யு, து, று, ழ... ஏதோ ஒன்று கீழே தொங்கிக்கொண்டே இருக்கும். அடிக்கோடு நேராக வந்து அந்தக் கால்களை வெட்டும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சாய்ந்த சின்ன வால்தான். அது கோட்டில் மறைந்தால் 'மரம்' 'மாம்' ஆகிறது. பு-வின் கால் கோட்டோடு கலந்தால் 'புலி'யைப் 'பலி' என்று படிக்க நேரும். சிறிய எழுத்தில், மங்கிய கண்ணில், இது கற்பனை அல்ல.

பிரவுசர்காரர்கள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எழுத்தின் கால் குறுக்கிடும் இடத்தில் கோடு தானே விலகி இடம் விடும். குரோமில் 2018-லும் ஃபயர்பாக்ஸில் 2019-லும் இது வந்தது. ஆங்கிலத்துக்கு இது அழகு. தமிழிலோ, 'புதிய உறுப்பினர் குறிப்பு' என்று எழுதினால் கோடு துண்டு துண்டாகிப் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்குக் கைகொடுத்தது வேறொன்று. அடிக்கோடு எழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி வர வேண்டும், எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று இப்போது நாமே சொல்லலாம். எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே தள்ளினேன். வரிகளுக்கு நடுவில் இடைவெளியையும் சற்று அதிகமாக்கினேன். நம் எழுத்தின் கால்கள் தாராளமாக நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. கோடும் முழுசாக நின்றது. நிறம் மறுபடி நீலம். சிவப்பை மேலே தலைப்புப் பட்டைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அங்கே அதைத் தொட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இன்னொரு திருத்தமும் செய்தேன். பக்கம் முழுக்க 'இங்கே சொடுக்கவும்', 'இங்கே பார்க்கவும்' என்று எழுதியிருந்தேன். பார்வையற்ற அன்பர்கள் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பது வழக்கம். நம் பக்கத்தைக் கேட்டால் 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் கேட்கும். 'உதவித்தொகை விண்ணப்பம்', 'பொங்கல் விழா நுழைவுச்சீட்டு' என்று போகிற ஊரின் பெயரையே பலகையில் எழுதிவிட்டேன்.

பார்ப்பவர் கையிலும் சாவி உண்டு

தளம் நடத்துபவர் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் செட்டிங்ஸில் பார்த்த இணைப்புக்கும் பார்க்காத இணைப்புக்கும் உங்களுக்குப் பிடித்த நிறங்களைக் கொடுத்து, தளத்தின் நிறங்களை மீறி அவையே தெரியும்படி செய்யலாம். இணைப்புகளை எப்போதும் அடிக்கோடிட்டுக் காட்டு என்பதற்கும் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்தால் போதும். விண்டோஸ் 11-ல் ஆக்சசிபிலிட்டி பகுதியில் கான்ட்ராஸ்ட் தீம்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் இணைப்புகளுக்கென்றே தனி நிறம் வைக்கலாம். குரோம், எட்ஜ் இரண்டும் அதற்குக் கட்டுப்படும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஆக்சசிபிலிட்டியில் நிறக்குழப்பம் உள்ளவர்களுக்கான நிறத்திருத்த வசதி இருக்கிறது. அண்ணாச்சியின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தபோது, வாசல் செம்பருத்தியைப் போனில் படம் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் அரசாங்கமும் இதில் சும்மா இருந்துவிடவில்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை தேசியத் தகவலியல் மையம் 2009-ல் வெளியிட்டது. 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சங்கம் நடத்தும் நமக்குச் சட்டம் வந்து சொல்லித்தானா தெரிய வேண்டும்?

விண்ணப்பம் என்ன ஆயிற்று?

மறுநாளே செயற்குழுவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "கடைசித் தேதி கடைசித் தேதிதான், ஒருவருக்குத் தளர்த்தினால் நாளை எல்லோரும் கேட்பார்கள்" என்றார் ஒருவர். நியாயமான பேச்சுதான். "தவறு விண்ணப்பித்தவருடையது அல்ல, என்னுடையது. கதவை நான் சுவரோடு சுவராகப் பூசிவிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், பக்கத்தைத் திருத்திய நாளிலிருந்து ஒரு வாரம் எல்லோருக்குமே அவகாசம் தருவது என்று தீர்மானித்தார்கள்.

அந்த ஒரு வாரத்தில் அண்ணாச்சி பேத்தியின் விண்ணப்பம் வந்தது. கூடவே இன்னும் மூன்று வந்தன. அந்த மூன்று வீட்டாரும் எனக்கு போன் செய்யவில்லை, யாரிடமும் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டில், உதவி இந்த வருடம் இல்லை என்று நினைத்து வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களில் யாருக்குக் கண் குறை, யாருக்குப் போன் பழக்கமில்லை என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன ஆகப் போகிறது? கதவு தெரியவில்லை என்பது மட்டும்தான் விஷயம். அண்ணாச்சி ஒருவர் கூச்சத்தை விட்டு என் வீட்டுப் படியேறி வராமல் இருந்திருந்தால், 'இந்த வருடம் விண்ணப்பங்கள் குறைவு' என்று நானே ஆண்டறிக்கையில் எழுதியிருப்பேன்.

இப்போதெல்லாம் தளத்தில் எதை மாற்றினாலும் முதலில் அண்ணாச்சிக்குத்தான் அனுப்புகிறேன். "தெரியுது தம்பி" என்று அவர் சொன்ன பிறகே மற்றவர்களுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் ஏதாவது ஒரு தளத்தைக் காட்டி "எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டால், அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கே தொட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நம் சங்கத்தின் பக்கத்தில் அப்படி ஏதேனும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வரலாம். காப்பி உண்டு.